ஆண் பிள்ளை தங்காத வீடு
டாக்டரம்மா பதில்கள்

போன மாதம் திருப்புவனத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். இரண்டு மாதக் கைக்குழந்தை. பிறந்தபோது போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி ஆறவில்லை, புண்ணாகிச் சீழ் வடிகிறது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, எடையும் ஏறவில்லை என்று. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தையாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று பதில் சொன்னேன். கடைசியில், இப்படிப்பட்ட நோய்களில் சிலவற்றுக்கு இப்போது மரபணுச் சிகிச்சை வந்திருக்கிறது என்றும் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கட்டுக் கட்டாகக் கடிதங்கள். பாதிக்கு மேல் குழந்தையைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வந்தவை. அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்கே. சளி, இருமல், சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகள் எல்லாம் அடுத்த மாதம்.

எனக்கு 27 வயது. என் அம்மாவின் தம்பிக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மூத்தது பெண், 7 வயது, நன்றாக இருக்கிறாள். அடுத்தவன் 7 மாதத்தில் நிமோனியா வந்து போய்விட்டான். அதற்கடுத்தவன் 5 மாதத்தில். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை, வாயெல்லாம் வெள்ளை. என் அக்காவைச் சிவகாசியில் அன்னியத்தில் கொடுத்தார்கள். அவளுடைய மகனும் 6 மாதத்தில் இறந்தான். எனக்கு இப்போது மூன்று மாதம் முடிந்திருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால்தான் இது ஆண் பிள்ளை தங்காத வீடாகிவிட்டது என்று ஊரே சொல்கிறது. என் அம்மாச்சிதான் எனக்கு மாமியார், அவரும் அப்படித்தான் சொல்கிறார். மரபணுச் சிகிச்சை செய்தால் இந்தப் பிள்ளையாவது தங்குமா டாக்டரம்மா?
— பெயர் வேண்டாம், பேரையூர் பக்கம்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அக்காவை அன்னியத்தில் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு வழி காட்டியது.

இரண்டு தாய்மார், ஒரே அம்மா வழி, போனது மூன்றும் ஆண் குழந்தைகள், அக்காவின் கணவரோ சொந்தமே இல்லை. இப்படி வந்தால் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பழுது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆணுக்கு ஒரே எக்ஸ்தான், அதுவும் அம்மா கொடுப்பது. பழுதுள்ள எக்ஸ் அவனுக்கு வந்துவிட்டால் தாங்க இன்னொன்று இல்லை. வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகளில் மிகக் கடுமையானதை ஸ்கிட் என்பார்கள். அதில் அடிக்கடி காணப்படுவது ஐஎல்2ஆர்ஜி என்ற மரபணுவில் வரும் பழுது. அந்த மரபணு இருப்பது எக்ஸில்தான்.

இப்போது உங்கள் கணவரைப் பாருங்கள். அவரிடம் இருப்பதும் ஒரே எக்ஸ். அதில் இந்தப் பழுது இருந்திருந்தால் அவரே கைக்குழந்தையில் போயிருப்பார். உயிரோடு, திடமாக இருக்கிறார் என்பதே அவரிடம் அது இல்லை என்பதற்குச் சாட்சி. அதுவும் போக, மகனுக்கு அப்பாவின் எக்ஸ் போவதே கிடையாது. என் சந்தேகம் சரியென்றால், நீங்கள் மாமனைக் கட்டியதற்கும் இந்தச் சாவுகளுக்கும் சம்பந்தமே இல்லை. அசலூரில் யாரைக் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். உங்கள் அக்காவுக்கு நடந்ததே. இந்தப் பத்தியை உங்கள் அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். பழி அந்தப் பக்கம் திரும்பிவிடவும் கூடாது. பழுது அவர் வழியாக வந்திருக்கலாம், அவருக்கு மேலே யாரிடமிருந்தோ வந்திருக்கலாம், உங்கள் அம்மாவிடம் புதிதாகத் தோன்றியும் இருக்கலாம். உயிர் தன்னை நகல் எடுக்கும்போது நேர்கிற பிழை அது. யாரும் செய்த பாவம் கிடையாது.

இதை வைத்து, சொந்தத்தில் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார் என யாரும் சொல்ல வேண்டாம். வேறு வகைகள் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்து, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேரும்போது வருகிற நோய்கள். அந்த வீட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து, ஆணானாலும் பெண்ணானாலும். அந்த வகைக்குச் சொந்தக் கல்யாணம் நேரடியாகவே வழி விடுகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் சுமார் 28 சதவீதம் சொந்தத்துக்குள் நடந்தவை. காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட மாமனே பிறகு மாலையும் போடுகிற ஊர் நம்முடையது. இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரமே மரபியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். இறந்த பிள்ளைகளின் ரத்தம் எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை என்றால் உங்கள் ரத்தத்திலேயே பழுதைத் தேடலாம். எந்த மரபணு என்று பிடிபட்டால், 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துக் குழந்தைக்கு அது இருக்கிறதா என்று பார்க்க முடியும். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். ஆனால் பால் சார்ந்த மரபு நோயைக் கண்டறியும் சோதனையை, பதிவு பெற்ற மையத்தில் செய்துகொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. தெரிந்த பிறகு என்ன முடிவு எடுப்பது என்பது நீங்களும் உங்கள் கணவரும் பேசிக்கொள்ள வேண்டியது. நானோ ஊரோ சொல்லக் கூடாது.

சோதனை எதுவும் முடியாமல் போனால், பிறந்தவுடன் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை உயிருள்ள கிருமி அடங்கிய பிசிஜி வேண்டாம், போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு வேண்டாம். குழந்தைக்கு நோய் இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்றப்பட்ட ஸ்கிட் குழந்தைகளில் 94 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். நீங்கள் கேட்ட மரபணுச் சிகிச்சை இந்த மரபணுவுக்கும் ஆராய்ச்சியில் பலன் தந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அதைத் தேடி ஓட வேண்டியதில்லை. எந்த மரபணு என்பதும், பிறந்து எத்தனை நாளில் கண்டுபிடித்தோம் என்பதும்தான் உங்கள் பிள்ளைக்கு முதல் வைத்தியம்.

மூத்தவளுக்கும் இந்தப் பழுது பாதி வாய்ப்பில் வந்திருக்கலாம். அவளுக்கு ஒன்றும் செய்யாது. கல்யாண வயது வரும்போது அவளிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், கொஞ்சம் வயலும் உண்டு. வைரஸை உடம்பில் ஏற்றி வைத்தியம் செய்கிறார்கள் என்று படித்ததிலிருந்து குழப்பமாக இருக்கிறது. நோய் தருவதை வைத்தே நோயை எப்படித் தீர்ப்பது? ஆபத்து இல்லையா?
— ஒரு வாசகர், மேலூர்

ஐயா, வயல் வைத்திருப்பவருக்குச் சொல்வது எனக்கு எளிது. மஜ்ஜை மாற்றுவது பக்கத்துத் தோட்டத்து விதையை வாங்கி நம் நிலத்தில் விதைப்பது. ஒட்டினால் நல்லது. ஒட்டாமலும் போகலாம், வந்த விதை நம் நிலத்தையே எதிர்க்கவும் செய்யலாம். மரபணுச் சிகிச்சையில் விதை நம்முடையதே. குழந்தையின் மஜ்ஜையிலிருந்து ரத்தத்தின் மூல அணுக்களை (ஸ்டெம் செல்) வெளியே எடுத்து, ஆய்வகத்தில் பழுது பார்த்து, திரும்ப அதே குழந்தைக்கு ஏற்றுகிறார்கள். ஏற்றுவதற்கு முன் பியூசல்ஃபான் என்ற மருந்தைக் கொஞ்சம் கொடுத்து எலும்புக்குள் இடம் ஒதுக்குவார்கள். களை எடுத்து உழுவது மாதிரி. முளைத்து வர மாதக்கணக்கில் ஆகும்.

வைரஸ் வருவது விதை நேர்த்தி செய்யும் இடத்தில். அணுவுக்குள் புகுந்து தன் மரபுப் பொருளை நம்முடையதோடு கோத்துவிடும் கைவேலை சில வைரஸ்களுக்கு இயற்கையாகவே உண்டு. நோய் தரும் பாகங்களை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். இன்று அதிகம் பயன்படுவது எச்ஐவி வைரஸிலிருந்து செய்தது. பெயரைக் கேட்டதும் பயம் வரும். அது பெருகவும் முடியாது, எய்ட்ஸ் தரவும் முடியாது.

ஆபத்து இருந்ததா என்றால், இருந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹூஸ்டனில் 1971இல் டேவிட் வெட்டர் என்ற பையன் பிறந்தான். பேரையூர் கடிதத்தில் நான் சந்தேகப்பட்ட அதே எக்ஸ் வகை. பிறந்த நொடியிலிருந்து கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ந்தான். அவன் அம்மா அவனைக் கையுறை வழியாகத்தான் தொட முடிந்தது. 12 வயதில் அக்காவின் மஜ்ஜையைக் கொடுத்தார்கள். அதில் ஒளிந்திருந்த ஒரு வைரஸ் புற்றுநோயாகி 1984 பிப்ரவரியில் இறந்தான். அவனுக்கு எந்த மரபணுவில் பழுது என்பது 1993இல்தான் தெரிந்தது.

1990 செப்டம்பர் 14இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அஷாந்தி டி சில்வா என்ற 4 வயதுச் சிறுமிக்கு முதன்முதலாக மரபணுச் சிகிச்சை நடந்தது. அவளுக்கு இருந்தது ஏடிஏ என்ற நொதி இல்லாத வகை. அந்த நொதி இல்லாவிட்டால் ஒரு நச்சுப் பொருள் சேர்ந்து எதிர்ப்பு அணுக்களைக் கொன்றுவிடும். அவள் பிழைத்து வளர்ந்தாள். ஆனால் நொதி ஊசியும் கூடவே கொடுக்கப்பட்டதால், முழுப் பலனும் மரபணுவால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

பிறகு 1999இல் பாரிஸ். அலைன் ஃபிஷர், மரினா கவஸானா ஆகியோரின் குழு எக்ஸ் வகைக் குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்து, அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. கூடாரம் இல்லாமல், சாதாரணக் குழந்தைகளாக. லண்டனிலும் செய்தார்கள். நான் அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, கண் கலங்கிவிட்டது. சில வருடங்களில் இரண்டு ஊரிலும் சேர்த்து 20 குழந்தைகளில் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒருவர் இறந்தார். வைரஸ் தன் சரக்கை இறக்கிய இடம் தவறிவிட்டது. ஒரு வீட்டுக்கு இழுத்த மின்சாரம் பக்கத்து வீட்டு மோட்டாரையும் ஓடவிட்டது போல, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த எல்எம்ஓ2 என்ற மரபணுவை அது எழுப்பிவிட்டது. அப்படி எழுப்பிவிடும் விசையை எடுத்துவிட்டு வைரஸைத் திருத்திச் செய்ய ஆராய்ச்சியாளர்களுக்குப் பல வருடம் பிடித்தது. 2021இல் ஏடிஏ வகைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிய முறையில் சிகிச்சை பெற்ற 50 குழந்தைகளின் கணக்கு வெளியானது. 50 பேரும் உயிரோடு இருந்தார்கள், 48 பேருக்குச் சிகிச்சை பலித்திருந்தது. இந்த 48 பேருக்குப் பின்னால் அந்த 5 பேர் இருக்கிறார்கள் ஐயா. அவர்களைப் பெற்றவர்கள் தைரியமாகக் கையெழுத்துப் போட்டதால்தான் அடுத்த குழந்தைகளுக்கு வழி பிறந்தது.

நான் கிராம சுகாதார செவிலியர். பிறந்தவுடனே பிசிஜி போட வேண்டும் என்பது எங்களுக்கு விதி. உங்கள் பதிலைப் படித்துவிட்டுச் சில தாய்மார் ஊசி வேண்டாம் என்கிறார்கள். நான் என்ன சொல்வது?
— ஒரு செவிலியர், வாடிப்பட்டி வட்டாரம்

உங்கள் கடிதம் வராவிட்டால் நானே இதை எழுதியிருப்பேன். ஊசி போடுங்கள். காசநோய் இவ்வளவு உள்ள நாட்டில் பிசிஜி குழந்தைக்கு வேலி. ஸ்கிட் அபூர்வம், அமெரிக்காவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் சோதித்த கணக்கில் 58,000 பேருக்கு ஒருவர். நான் நிறுத்தச் சொல்வது ஒரே ஒரு வீட்டில்: அம்மா வழியிலோ கூடப்பிறந்ததிலோ கைக்குழந்தைச் சாவு நடந்திருந்து, காரணம் சரியாகத் தெரியாத வீடு. அங்கே ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை உயிருள்ள கிருமி அடங்கிய பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா மூன்றையும் தள்ளிப்போட மருத்துவ அலுவலரிடம் பேசுங்கள். ஆகவே, கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போது எத்தனை பிரசவம், எத்தனை உயிர் என்பதோடு நிற்காமல், போன பிள்ளை எப்படிப் போனது என்று உட்கார்ந்து கேளுங்கள். ஊரில் தோஷம் என்பார்கள், சீர் தட்டிவிட்டது என்பார்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் நிமோனியா இருந்ததா, வாயில் வெள்ளை இருந்ததா, ஊசி போட்ட இடம் ஆறாமல் இருந்ததா என்று கேளுங்கள். உங்களை விட்டால் அந்த வீட்டில் இதைக் கேட்பவர் யாரும் இல்லை.

நான் கேட்கவில்லை. 1996. நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குச் சேடபட்டி பக்கத்திலிருந்து ஒரு ஆண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். ஐந்தரை மாதம், மூன்றரைக் கிலோ. பிசிஜி புண், நெறி, இரண்டு நுரையீரலிலும் சளி. காசநோய் என்று முடிவு செய்து மருந்து கொடுத்தேன். ரத்தச் சீட்டில் வெள்ளை அணுக்கள் 9,000. சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பி வைத்துவிட்டேன். அதற்குக் கீழேயே, வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 8 சதவீதம் என்று எழுதியிருந்தது. 9,000இல் 8 சதவீதம் என்றால் 720. அந்த வயதில் 3,000க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும். குழந்தை ஒன்பதாம் நாள் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து அதே தாய், அதே முகத்தோடு, அடுத்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோதுதான் பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். அவனையும் காப்பாற்ற முடியவில்லை. முதல் சீட்டிலேயே அந்தப் பெருக்கலை நான் செய்திருந்தால், இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே பிசிஜி போடாமல் வேலூருக்கு அனுப்பியிருப்பேன். வேலூர் சிஎம்சியில் 1986இலிருந்தே மஜ்ஜை மாற்று நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சீட்டு இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் நாள் அந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்ட வேண்டும். சில நூறு ரூபாய்ச் சோதனைதான். எந்தச் சின்ன ஊரிலும் எடுக்கலாம். மொத்த வெள்ளை அணு எத்தனை, அதில் லிம்போசைட் எத்தனை சதவீதம், இரண்டையும் பெருக்கி நூறால் வகுங்கள். குறைவாக இருந்தால் அடுத்த கட்டச் சோதனைக்கு மேலே அனுப்புங்கள். தயவுசெய்து உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 4 வயது. பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மாதம் ஒரு தடவை சளி பிடிக்கிறது. இதுவும் எதிர்ப்புச் சக்திக் குறைபாடா?
— ஒரு தந்தை, திண்டுக்கல்

இல்லை. புதிதாகப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வருடத்தில் ஏழெட்டு தடவை சளி வருவது சகஜம். எடை ஏறுகிறாளா, நடுவில் நன்றாக ஓடி விளையாடுகிறாளா? அப்படியென்றால் நிம்மதியாக இருங்கள். வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா என்றால் அப்போது எழுதுங்கள்.

என் மகனுக்கு 11 வயது. புரூட்டன் நோய் என்று கண்டுபிடித்து 6 வருடமாக நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு அழைத்து வந்து இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம். விடியற்காலை பஸ் ஏறினால் இரவுதான் திரும்புகிறோம். மரபணுச் சிகிச்சை வந்துவிட்டது என்றால் இதை நிறுத்திவிடலாமா?
— ஒரு தாய், அருப்புக்கோட்டை

நிறுத்தக் கூடாது. ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. உங்கள் மகனுக்கு பிடிகே என்ற மரபணுவில் பழுது, அதனால் எதிர்ப்புப் புரதம் ஊறுவதில்லை. ஊறாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம். 1952இல் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் ஒரு 8 வயதுப் பையனிடம் இதைக் கண்டுபிடித்து, அதே முறையில் காப்பாற்றினார். மரபணுச் சிகிச்சை ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது. ஏடிஏவுக்குச் செய்ததைப் பிடிகேவுக்குக் கொடுக்க முடியாது. பிடிகே கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தாலும் கெடுதல் என்பதால், அளவாக வேலை செய்ய வைக்க இப்போதுதான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அதுவரை அந்தப் பஸ் பயணம்தான் அவன் உயிர். தோலுக்கு அடியில் வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு வருடமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற உங்களை மனதாரக் கும்பிடுகிறேன்.

தம்பி மகனுக்கு எதிர்ப்புச் சக்திக் குறைபாடு. ஒருவர் வீட்டுக்கே வந்து, ஸ்டெம் செல் ஊசி மூன்று போட்டால் மரபணுவே மாறிவிடும், 6 லட்சம் கட்டுங்கள் என்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
— திருமங்கலம்

வைக்காதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ரத்த நோய்களுக்கும் எதிர்ப்புச் சக்தி நோய்களுக்கும் மஜ்ஜை மாற்று ஒன்றுதான் நம் நாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஸ்டெம் செல் வைத்தியம். அதை வாசலில் வந்து யாரும் விற்க மாட்டார்கள். ஆராய்ச்சி நிலையில் உள்ளது என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். ஆராய்ச்சியில் சேர்கிற நோயாளியிடம் சோதனை மருந்துக்குப் பணம் கேட்பது முறை கிடையாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. பணம் கேட்டாலே கதவைச் சாத்திவிடுங்கள்.

நான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். இதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பாவோடு நின்றுவிடுமா? நம் ஊரில் எப்போது?
— ஒரு மாணவி

நம் மாநிலத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள் அம்மா. வேலூர் சிஎம்சியில் ஆலோக் ஸ்ரீவாஸ்தவா குழு, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு அவர்களுடைய மூல அணுக்களையே எடுத்து, மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றியது. மேலூர் ஐயாவுக்கு நான் சொன்ன அதே முறை, அதே இன வைரஸ். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. சிகிச்சைக்குப் பிறகு, ஐந்து பேரையும் சேர்த்துக் கண்காணித்த 81 மாத காலத்தில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை. அது எதிர்ப்புச் சக்தி நோய் இல்லைதான். ஆனால் அணுவை எடுக்கவும், திருத்தவும், திரும்ப வைக்கவும் இங்கே கைகள் பழகிவிட்டன.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ஏடிஏ வகைக்கு ஐரோப்பாவில் 2016இலேயே ஸ்ட்ரிம்வெலிஸ் என்ற மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை 5,94,000 யூரோ. செய்யும் இடம் மிலான் நகரம் ஒன்றுதான். நோயாளிகள் மிகக் குறைவு என்பதால் கடைசியில் அதை வைத்திருந்த நிறுவனம் லாபமில்லை என்று கைவிட்டது. பலிக்கிற மருந்து, வாங்க ஆளில்லாமல் நின்றது. இத்தாலியில் டெலிதான் என்ற அறக்கட்டளை பொறுப்பேற்றதால்தான் அது பிழைத்தது. குறைந்த செலவில் இங்கேயே செய்தால் தவிர நம் பிள்ளைகளுக்கு இது எட்டாது. அதனால்தான் வேலூர்ச் செய்தி எனக்கு அவ்வளவு பெரிதாகப் படுகிறது.

நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுதான் உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கத்தில் எம்130 என்ற பழைய மரபு அடையாளத்தைக் கண்டுபிடித்தது. அவர் நோய் எதிர்ப்பியல்காரர்தான். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நம் சமூகங்களில், எந்தக் குடும்ப வழியில் எந்த மரபணுவில் எந்தப் பழுது வருகிறது என்று வீடு வீடாகத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாவிட்டால் சிகிச்சை வந்தாலும் யாருக்குக் கொடுப்பது? முதுகலை முடித்ததும் இந்தப் பக்கம் வாருங்கள்.

டாக்டரம்மா, போன மாதம் எழுதிய திருப்புவனத்துக்காரன்தான். நீங்கள் சொன்னபடி சோதித்தோம். லிம்போசைட் 640. எக்ஸ்ரேயில், எதிர்ப்பு அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பியின் நிழலே இல்லை. ஸ்கிட் என்று உறுதி செய்துவிட்டார்கள். மூத்த மகளுக்கு 5 வயது. அவள் மஜ்ஜை முழுதாகப் பொருந்துகிறதாம். சின்னப் பிள்ளையிடம் எடுக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. மரபணுச் சிகிச்சை வரும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள் தம்பி. கூடப்பிறந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் முழுதாகப் பொருந்தும். உங்கள் வீட்டில் பொருந்தியிருக்கிறது. மரபணுச் சிகிச்சை ஆராய்ச்சிகூட, இப்படிப் பொருந்துகிற உடன்பிறப்பு இல்லாத குழந்தைகளுக்காகத்தான் முதலில் தொடங்கியது. உங்கள் மகனுக்கு இப்போது மூன்று மாதம். ஒவ்வொரு வாரமும் கணக்கு.

பாப்பாவை மயக்கத்தில் வைத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் இடுப்பு வலிக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும், அவளுக்கு ஒன்றும் குறையாது. அதுவரை குழந்தைக்கு ஆரம்பித்த காசநோய் மருந்தை நிறுத்த வேண்டாம். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் போலியோ சொட்டு இப்போது வேண்டாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்புங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பணத்துக்கு: 2021 தேசிய அபூர்வ நோய்க் கொள்கையில் மஜ்ஜை மாற்றால் தீரும் நோய்கள் முதல் பிரிவிலேயே இருக்கின்றன, ஸ்கிட்டும் அதில் உண்டு. 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி இருக்கிறது. விண்ணப்பம் அதற்கென அறிவிக்கப்பட்ட மையம் வழியாகப் போக வேண்டும். பெங்களூரில் மனித மரபியல் மையம் ஒன்று, திருவனந்தபுரத்தில் எஸ்ஏடி மருத்துவமனை ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். மரபணுச் சோதனை முடிவு வந்ததும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பிள்ளைக்கும், உங்கள் மனைவியின் கூடப்பிறந்தவர்களுக்கும் அது வேண்டும்.

பாப்பாவிடம் பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். ஐந்து வயதுக்குப் புரியும். தம்பிக்கு உன் எலும்பிலிருந்து கொஞ்சம் கொடுக்கப் போகிறோம், தூங்கும்போது எடுப்பார்கள், எழுந்ததும் வலிக்கும், அம்மா பக்கத்தில் இருப்பாள் என்று சொல்லுங்கள். தேதி குறித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.